மூன்றாவது கட்சிக்கு வாக்களிக்கும் முன்னும் பின்னும்

2000 நவம்பரில் நடந்த அமெரிக்க அதிபர் தேர்தலில், புளோரிடா மாநிலத்தில் குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் புஷ் ஜனநாயகக் கட்சியின் அல் கோரைக் கடைசியில் வென்ற வித்தியாசம் 537 வாக்குகள். அதே மாநிலத்தில் பசுமைக் கட்சியின் வேட்பாளர் ரால்ஃப் நேடர் பெற்றவை 97,488 வாக்குகள். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துக்கொண்டு அமெரிக்கர்கள் கால் நூற்றாண்டாக வாதிட்டு வருகிறார்கள். கோருக்குப் போக வேண்டிய ஓட்டை நேடர் பிரித்தார் என்பது ஒரு தரப்பின் குற்றச்சாட்டு; யாருடைய ஓட்டும் எந்தக் கட்சிக்கும் பட்டா போட்டுக் கொடுக்கப்பட்டதில்லை என்பது மறுதரப்பின் பதில். இரண்டிலும் உண்மை இருப்பதால்தான் இந்த வாதம் முடிவதேயில்லை.

குடியுரிமை பெற்று, குடியரசுக் கட்சியிடமும் ஜனநாயகக் கட்சியிடமும் மனம் ஒட்டாமல், மூன்றாவதாக ஒருவருக்கு வாக்களிக்கலாமா என்று யோசிக்கும் தமிழர்களை மனத்தில் வைத்தே இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றாவது கட்சிக்கு விழும் வாக்கு வீணா இல்லையா என்பதை வாக்காளரின் மனசாட்சியைவிட, அந்த வாக்கை எண்ணும் விதிதான் பெருமளவு தீர்மானிக்கிறது. ஆகவே வேட்பாளரின் கொள்கை அறிக்கையைப் படிப்பதற்கு முன்பே உங்கள் மாநிலத்தின் தேர்தல் விதியைப் படிப்பது நல்லது. அந்த விதி பிடிக்கவில்லையென்றால் அதை மாற்றுவதற்கான வேலை தேர்தல் நாளில் நடப்பதில்லை. இரண்டு தேர்தல்களுக்கு நடுவில், பெரும்பாலும் யாரும் கவனிக்காத நகர மன்றக் கூடங்களில் நடக்கிறது.

விதியை முதலில் படியுங்கள்

அமெரிக்காவின் பெரும்பாலான தேர்தல்களில், போட்டியிடுவோரில் யார் அதிக வாக்குப் பெறுகிறாரோ அவரே வெற்றி பெறுகிறார். பாதிக்கு மேல் பெற வேண்டிய அவசியமில்லை. இந்த முறையில் மூன்றாவதாக வருபவருக்குப் பரிசு எதுவும் கிடையாது என்பதால், காலப்போக்கில் வாக்காளர்களும் நன்கொடையாளர்களும் வேட்பாளர்களும் முதல் இரண்டு கூடாரங்களுக்குள் ஒதுங்கிவிடுகிறார்கள் என்று பிரெஞ்சு அரசியல் அறிஞர் மோரீஸ் டுவெர்ஷே 1950-களில் விளக்கினார். 1992-ல் ராஸ் பெரோ நாடு முழுவதும் ஏறத்தாழ 19 சதவீத வாக்குகளைப் பெற்றார். அதிபரைத் தேர்ந்தெடுக்கும் 538 தேர்வாளர்கள் கொண்ட எலக்டோரல் காலேஜில், பெரும்பாலும் ஒரு மாநிலத்தில் முதலிடம் பெறுபவருக்கே அம்மாநிலத்தின் தேர்வாளர்கள் அனைவரும் போவதால், அவருக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. ஆனால் 1968-ல் ஜார்ஜ் வாலஸ் அதைவிடக் குறைவாக, சுமார் 13.5 சதவீதம் மட்டுமே பெற்று 46 தேர்வாளர்களை வென்றார். பெரோவின் ஆதரவு நாடெங்கும் பரவிக் கிடந்தது. இனப்பிரிவினையை முன்னிறுத்திய வாலஸின் ஆதரவு தென் மாநிலங்களில் குவிந்திருந்தது. இந்த விதியின் கீழ், எத்தனை பேர் ஆதரிக்கிறார்கள் என்பதோடு அவர்கள் எங்கே வசிக்கிறார்கள் என்பதும் சேர்ந்தே எண்ணப்படுகிறது.

எல்லா மாநிலங்களிலும் விதி ஒன்றல்ல. ஜார்ஜியாவில், அதிபர் பதவி நீங்கலாக, பொதுத்தேர்தலில் ஒருவர் 50 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் முதல் இருவருக்கிடையே மறுதேர்தல் நடக்கும். 2020 நவம்பரில் செனட் பதவிக்குப் போட்டியிட்ட டேவிட் பெர்டூ 49.7 சதவீதம் பெற்று முன்னிலையில் நின்றார். லிபர்டேரியன் கட்சியின் வேட்பாளர் பெற்ற 2.3 சதவீதத்தால் அவர் பாதியைத் தொட முடியாமல் போனது. 2021 ஜனவரி 5 அன்று நடந்த மறுதேர்தலில் ஜான் ஆசஃப் வென்றார். ஆக, ஜார்ஜியாவில் மூன்றாவது கட்சிக்கு விழும் வாக்கு இரண்டாம் சுற்றை வரவழைக்கும் வல்லமை உள்ளது. அந்தச் சுற்றில் அதே வாக்காளர் மீண்டும் வந்து இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம். கலிஃபோர்னியாவில் நிலைமை நேர்மாறானது. 2010-ல் வாக்காளர்கள் ஏற்றுக்கொண்ட விதியின்படி, அதிபர் பதவி நீங்கலாக, மாநில, காங்கிரஸ் பதவிகளுக்குப் பிரைமரி எனப்படும் முதற்கட்டத் தேர்தலில் முதலிரண்டு இடம் பெற்றவர்கள் மட்டுமே நவம்பர் வாக்குச்சீட்டில் இடம்பெறுவார்கள். அங்கே சிறு கட்சியை ஆதரிப்பவர் நவம்பர் வரை காத்திருந்தால், ஆதரிக்க ஆளே இருக்கமாட்டார்.

மேய்னிலும் அலாஸ்காவிலும் வாக்குச்சீட்டே வேறு மாதிரி இருக்கும். அதைப் பின்னால் விரிவாகப் பார்க்கலாம்.

உங்கள் மாநிலத்தின் வித்தியாசத்தைக் கணக்கிடுங்கள்

அதிபர் தேர்தலைப் பொறுத்தவரை இது அரை மணி நேர வேலை. மாநிலச் செயலாளர் அலுவலகத்தின் இணையதளத்தில் கடந்த ஐந்து, ஆறு தேர்தல்களின் முடிவுகளை எடுத்து, முதல் இரு வேட்பாளர்களுக்கிடையே இருந்த சதவீத வித்தியாசத்தை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். வயோமிங் மாநிலத்தவர் எழுதினால் எல்லா எண்களும் இரட்டை இலக்கத்தில் இருக்கும். அங்கே முடிவு முன்கூட்டியே தெரிந்த ஒன்றுதான், மூன்றாவது கட்சிக்கு விழும் வாக்கு யாரையும் கவிழ்க்கப்போவதில்லை. விஸ்கான்சினில் 2000, 2004, 2016, 2020, 2024 ஆகிய ஐந்து தேர்தல்களிலும் வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஆனால் நடுவில் வந்த 2008-லும் 2012-லும் அதே மாநிலத்தில் ஒபாமா எளிதாக வென்றார். ஒரே ஒரு தேர்தலை வைத்து மாநிலத்துக்கு முத்திரை குத்தக்கூடாது என்பதற்காகவே ஐந்து, ஆறு தேர்தல்கள் என்கிறேன்.

வித்தியாசம் குறைவாக உள்ள மாநிலத்தில், நீங்கள் இரு பெரிய வேட்பாளர்களில் ஒருவரைக் கொஞ்சமாவது அதிகம் வெறுக்கிறீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். உண்மையில் இருவரும் உங்களுக்குச் சமமென்றால், மூன்றாமவருக்கு வாக்களிப்பதில் உங்களுக்கு இழப்பு எதுவுமில்லை. ஒருவர் வருவதை நினைத்தால் உங்களுக்கு உறக்கம் கெடும் என்றால், அந்த உறக்கத்தின் விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இதை வேறொருவர் உங்களுக்காகத் தீர்மானிக்க முடியாது. விருந்தில் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து ‘உங்களால்தான் அவர் தோற்றார்’ என்று குற்றம் சாட்டுபவரும் தீர்மானிக்க முடியாது.

அந்தக் குற்றச்சாட்டையே கொஞ்சம் கூர்ந்து பார்ப்போம். 2016-ல் விஸ்கான்சினில் டிரம்ப் வென்ற வித்தியாசம் 22,748 வாக்குகள். பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைன் பெற்றவை சுமார் 31,000. ஸ்டைன் போட்டியிடாமல் இருந்திருந்தால் ஹிலாரி கிளின்டன் வென்றிருப்பார் என்று சொல்ல, அவருடைய வாக்காளர்களில் மிகப் பெரும்பகுதியினர் வாக்குச்சாவடிக்கு வந்து ஹிலாரிக்கே வாக்களித்திருப்பார்கள் என்று கொள்ள வேண்டும். சிலர் வீட்டிலேயே இருந்திருப்பார்கள், சிலர் டிரம்ப்புக்குப் போயிருப்பார்கள்; லிபர்டேரியன் கட்சியின் கேரி ஜான்சன் அதே மாநிலத்தில் ஸ்டைனைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் பெற்றதை இந்தக் கணக்கைப் போடுபவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுவார்கள். புளோரிடா 2000 வேறு விதம். நேடரின் 97,488 வாக்குகளில் நிகரமாக ஒரு சதவீதம் கோர் பக்கம் சாய்ந்திருந்தாலே 537 கரைந்து போயிருக்கும். அங்கே நேடர் முடிவை மாற்றவில்லை என்று வாதிடுவது கடினம். ஒவ்வொரு தேர்தலையும் அதனதன் எண்களோடு பார்க்க வேண்டும் என்பதற்கு இந்த இரண்டும் போதும்.

நெருக்கமான மாநிலத்தில் இருப்பவரும் பாதுகாப்பான மாநிலத்தில் இருப்பவரும் வாக்குகளைப் பரிமாறிக்கொள்ளும் வழக்கம் ஒன்றும் உண்டு. விஸ்கான்சின் நண்பர் பெரிய கட்சிக்கும், உங்கள் பாதுகாப்பான மாநிலத்தில் நீங்கள் அவருடைய சிறு கட்சிக்கும் வாக்களிப்பதாக ஒப்புக்கொள்வது அது. 2000-ல் இதற்கென்றே இணையதளங்கள் தோன்றின. பணமோ பொருளோ கைமாறாத இத்தகைய ஒப்பந்தத்துக்குப் பேச்சுரிமைப் பாதுகாப்பு உண்டு என்று ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007-ல் கூறியது. மறுபக்கத்தவர் சொன்னபடி செய்தாரா என்று சரிபார்க்க வழியில்லை என்பதால், நம்பிக்கைக்குரிய ஒருவரோடு மட்டும் செய்யத்தக்கது.

அந்த வாக்கு எதை வாங்கித் தரும்?

வெற்றி பெறாத வாக்குக்கும் சில பலன்கள் உண்டு, ஆனால் அவை எல்லைக்கோடுகளோடு கட்டப்பட்டவை. அதிபர் தேர்தலில் நாடு முழுவதும் 5 சதவீதம் பெறும் கட்சிக்கு, அடுத்த தேர்தலில் கூட்டாட்சி அரசின் பிரச்சார நிதியில் ஒரு பங்கு கிடைக்கும். பெரோ 1992-ல் பெற்ற வாக்கின் பலனாக 1996-ல் அவருக்குச் சுமார் 2.9 கோடி டாலர் கிடைத்தது. 1996-ல் அவர் 8 சதவீதத்துக்கு மேல் பெற்றதால், 2000-ல் அவருடைய சீர்திருத்தக் கட்சியின் வேட்பாளரான பேட் புக்கானனுக்கு சுமார் 1.26 கோடி டாலர் கிடைத்தது. புக்கானன் அரை சதவீதத்தைக்கூடத் தொடவில்லை, நிதியும் அதோடு நின்றது. ஊர் ஊராகக் கிளை இல்லாத கட்சிக்கு வரும் பணம் ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீர்தான்.

என் கணிப்பில் அதைவிட முக்கியமானது, மாநில அளவில் கட்சிக்குக் கிடைக்கும் வாக்குச்சீட்டு அங்கீகாரம். அது இருந்தால் கட்சி ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கில் கையெழுத்துத் திரட்டாமலே வேட்பாளரை நிறுத்தலாம். நியூயார்க்கில் முன்பு ஆளுநர் தேர்தலில் 50,000 வாக்குகள் பெற்றால் நான்கு ஆண்டுகளுக்கு அங்கீகாரம் நீடித்தது. 2020-ல் அந்த விதி மாறி, இரண்டு ஆண்டுகளுக்கொரு முறை, அதிபர் தேர்தலிலும் ஆளுநர் தேர்தலிலும், 1,30,000 வாக்குகள் அல்லது மொத்தத்தில் 2 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதைப் பெற வேண்டும் என்றானது. அந்த ஆண்டே பசுமைக் கட்சியும் லிபர்டேரியன் கட்சியும் அங்கீகாரத்தை இழந்தன. உங்கள் மாநிலத்தில் எத்தனை சதவீதம் தேவை, எந்தப் பதவிக்கான வாக்கை வைத்துக் கணக்கிடுகிறார்கள் என்று பாருங்கள். பல மாநிலங்களில் அதிபர் பதவியல்லாத ஏதோ ஒரு மாநிலப் பதவிக்கு விழும் வாக்கும் கணக்கில் வருகிறது. அப்படியானால் அதிபருக்கு ஒருவிதமாகவும் அந்தப் பதவிக்கு வேறுவிதமாகவும் வாக்களித்து இரண்டு நோக்கங்களையும் நிறைவேற்றிக்கொள்ளலாம்.

சின்னப் பதவிகளை மறந்துவிடாதீர்கள். 1981-ல் வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டன் நகர மேயர் தேர்தலில் சுயேச்சையாக நின்ற பெர்னி சாண்டர்ஸ் 10 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். மாநிலச் சட்டமன்றத் தொகுதிகள் பலவற்றில் இரு பெரிய கட்சிகளில் ஒன்று வேட்பாளரையே நிறுத்துவதில்லை. அந்த இடங்களில் மூன்றாவது கட்சிதான் எதிர்க்கட்சி. அங்கே ஓட்டைப் பிரிக்கிறார் என்ற பேச்சுக்கே இடமில்லை.

வாக்குச்சீட்டோடு தனியாக இருக்கும்போது

தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பே மாதிரி வாக்குச்சீட்டை மாவட்டத் தேர்தல் அலுவலகத்தின் தளத்திலிருந்து இறக்கி அச்சிட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வேட்பாளரின் பெயர் அதில் இல்லையென்றால், பெயரைக் கையால் எழுதி வாக்களிக்கும் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். கோடு இருந்தால் மட்டும் போதாது. பல மாநிலங்களில், முன்கூட்டியே விண்ணப்பம் தாக்கல் செய்த வேட்பாளரின் பெயரை எழுதினால்தான் எண்ணுவார்கள். மற்ற பெயர்கள் எண்ணப்படாமல் கழிந்துவிடும். ஹவாயில் பெயர் எழுதும் வசதியே கிடையாது. நெவாடாவில் மாநில அளவிலான பதவிகளுக்கு ‘இவர்களில் எவரும் இல்லை’ என்ற வரி 1976 முதல் இருக்கிறது. நோட்டாவைப் பழகிய நமக்கு அது புதிதாகத் தோன்றாது.

மிச்சிகன், அலபாமா போன்ற சில மாநிலங்களில், ஒரே குறியீட்டால் ஒரு கட்சியின் எல்லா வேட்பாளர்களுக்கும் வாக்களிக்கும் வட்டம் சீட்டின் மேற்பகுதியில் இருக்கும். பதவிக்குப் பதவி மாற்றி வாக்களிக்க நினைப்பவர் அந்த வட்டத்தைத் தொடாமல் விடுவதே குழப்பமில்லாத வழி.

சீட்டைத் திருப்பிப் பாருங்கள். இது எனக்கே நேர்ந்த அவமானம் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். நான் முதன்முறை வாக்களித்தபோது அதிபர் பதவிக்கான முட்டை வடிவக் குறியைக் கறுப்புப் பேனாவால் அங்குலம் அங்குலமாக நிரப்பி, மற்ற பதவிகளையும் முடித்து, பெருமையோடு எந்திரத்தில் செலுத்திவிட்டு வெளியே வந்தேன். வண்டியில் ஏறிய பிறகுதான், மக்களே நேரடியாக வாக்களித்து முடிவு செய்யும் முன்மொழிவுகள் அத்தனையும் பின்பக்கத்தில் இருந்தது நினைவுக்கு வந்தது. தேர்தல் சீர்திருத்தம் குறித்த கேள்வி பெரும்பாலும் அங்கேதான், சாலைக்கடன் பத்திரங்களுக்கும் நீதிபதிகளின் பட்டியலுக்கும் கீழே, சிறிய எழுத்தில் இருக்கும்.

விருப்ப வரிசைச் சீட்டை நிரப்புவது

மேய்ன் மாநிலத்தில் 2010 ஆளுநர் தேர்தலில் பால் லபாஜ் 37.6 சதவீத வாக்குகளோடு வென்றார். சுயேச்சை வேட்பாளர் எலியட் கட்லர் ஏறத்தாழ 36 சதவீதம் பெற்று இரண்டாவதாக வந்தார், ஜனநாயகக் கட்சி மூன்றாம் இடத்துக்குப் போனது. இப்படிப் பாதிக்கும் குறைவான ஆதரவோடு ஆளுநர்கள் வருவதைப் பார்த்துச் சலித்த அம்மாநில வாக்காளர்கள் 2016-ல் விருப்ப வரிசை வாக்குமுறையை ஏற்றார்கள். வேடிக்கை என்னவென்றால், மாநில அரசமைப்பில் உள்ள ஒரு வாசகத்தால், ஆளுநர் பொதுத்தேர்தலுக்கு அது பொருந்தாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 2017-ல் கருத்துக் கூறிவிட்டது. பிரைமரிகளுக்கும் காங்கிரஸ் தேர்தலுக்கும் அதிபர் தேர்தலுக்கும் மட்டும் அது நடப்பில் இருக்கிறது.

சீட்டு ஒரு கட்டம்போல இருக்கும். இடப்பக்கம் மேலிருந்து கீழாக வேட்பாளர் பெயர்கள். மேலே இடமிருந்து வலமாக முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம், மூன்றாம் விருப்பம் என்று பத்திகள். ஒவ்வொரு பத்தியிலும் ஒரே ஒரு வட்டம், ஒவ்வொரு பெயருக்கும் ஒரே ஒரு வட்டம். ஒரே பத்தியில் இருவருக்குக் குறித்தால் அந்த இடத்திலிருந்து சீட்டு செல்லாததாகிவிடும். தன் அபிமான வேட்பாளருக்கே எல்லாப் பத்திகளிலும் குறிப்பவர்கள் உண்டு. அதனால் அவருக்குக் கூடுதலாக ஒரு வாக்கும் சேராது, அவர் வெளியேறினால் உங்கள் சீட்டும் அவரோடு வெளியேறிவிடும்.

எண்ணிக்கை இப்படி நடக்கும். 100 சீட்டுகளில் முதல் விருப்பம் அ-வுக்கு 43, ஆ-வுக்கு 40, மூன்றாவது கட்சியின் இ-க்கு 17 என்று வைத்துக்கொள்வோம். எவரும் 50-ஐத் தாண்டவில்லை, இ வெளியேறுகிறார். அவருடைய 17 சீட்டுகளையும் எடுத்து இரண்டாம் பத்தியைப் பார்க்கிறார்கள். 11 பேர் ஆ-வையும் 4 பேர் அ-வையும் குறித்திருக்கிறார்கள், 2 பேர் வெறுமையாக விட்டிருக்கிறார்கள். ஆ 51, அ 47. இ-க்கு வாக்களித்த 17 பேரும் மனம்போல வாக்களித்தார்கள், கடைசிச் சுற்றில் 15 பேருடைய குரலும் எண்ணப்பட்டது. அந்த இருவரின் வெற்றுப் பத்திதான் இந்த முறையில் வாக்காளர் தாமே செய்துகொள்ளும் இழப்பு. மேய்ன் இரண்டாவது காங்கிரஸ் தொகுதியில் 2018-ல் உண்மையிலேயே இதுபோல நடந்தது. முதல் எண்ணிக்கையில் புரூஸ் பொலிக்வின் சுமார் 2,000 வாக்குகள் முன்னிலை பெற்றார்; இரண்டு சுயேச்சைகளின் சீட்டுகளைப் பங்கிட்ட பிறகு ஜேரட் கோல்டன் சுமார் 3,500 வாக்குகளில் வென்றார்.

இந்த முறையை நான் ஆதரிப்பவன். ஆனாலும் அதன் குறையை மறைத்துப் பேசுவோர் அதற்கு நன்மை செய்யவில்லை. பர்லிங்டனில் 2009 மேயர் தேர்தலிலும், அலாஸ்காவில் 2022 ஆகஸ்டு இடைத்தேர்தலிலும், முக்கியமான மூவரில் மற்ற இருவரில் எவரோடு தனித்து மோதியிருந்தாலும் வென்றிருக்கக்கூடிய நடுநிலை வேட்பாளர், முதல் விருப்பங்கள் குறைவாக இருந்ததால் அந்த இருவருக்கும் முன்பே வெளியேற்றப்பட்டார். அலாஸ்காவில் அப்படிப்பட்ட நிக் பெகிச் வெளியேறியபோது 11,000-க்கும் மேற்பட்ட அவருடைய சீட்டுகளில் அடுத்த விருப்பமே இல்லை. மேரி பெல்டோலா சாரா பேலினை வென்றார். பர்லிங்டன் மக்கள் 2010-ல் இந்த முறையையே ரத்து செய்துவிட்டு, முதலில் நகர மன்றத் தேர்தலுக்கு 2021-ல் திரும்ப அழைத்தார்கள்.

எந்தச் சீர்திருத்தத்துக்கு உழைப்பது?

‘சீர்திருத்தம்’ என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு நோய்களுக்கான மருந்துகள் இருக்கின்றன. உங்கள் புகார் எது என்று தெளிவாக்கிக்கொண்ட பிறகே, அதை வாக்கெடுப்புக்குக் கொண்டுவரத் தேவைப்படும் கையெழுத்துத் தாளைத் தூக்குங்கள்.

சிறு கட்சி தன் பெயரை இழக்காமல் பெரிய கட்சியின் மீது அழுத்தம் தர வேண்டும் என்பது உங்கள் நோக்கமானால், நியூயார்க்கிலும் கனெக்டிகட்டிலும் உள்ள ஃப்யூஷன் முறையைப் பாருங்கள். அங்கே ஒரே வேட்பாளர் இரண்டு கட்சிகளின் வரிசையில் நிற்கலாம், இரண்டிலும் விழுந்த வாக்குகள் கூட்டப்படும். 1960-ல் நியூயார்க்கில் கென்னடி சுமார் 3,83,000 வாக்கு வித்தியாசத்தில் வென்றபோது, லிபரல் கட்சியின் வரிசையில் அவருக்கு விழுந்தவை சுமார் 4,06,000. அந்த எண்ணைப் பார்த்த பிறகு லிபரல் கட்சியின் தொலைபேசி அழைப்பை யாரும் எடுக்காமல் இருந்திருக்க முடியாது. மாநிலங்கள் இந்த முறையைத் தடை செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 1997-ல் தீர்ப்பளித்தது, பெரும்பாலான மாநிலங்களில் தடை இருக்கிறது.

விதி எளிமையாக இருக்க வேண்டும் என்பவர்களுக்கு ஒப்புதல் வாக்குமுறை பிடிக்கும்: ஏற்கத்தக்கவர் எத்தனை பேர் இருந்தாலும் அத்தனை பேருக்கும் குறி இடலாம், அதிகக் குறி பெற்றவர் வெல்வார். செயின்ட் லூயிஸ் நகரம் 2020-ல் பிரைமரிக்கு அதை ஏற்றது. ஃபார்கோ நகரம் 2018-ல் ஏற்றிருந்தது. வடக்கு டகோட்டா சட்டமன்றம் 2025-ல் அதை மாநிலம் முழுவதற்கும் தடை செய்துவிட்டது.

மூன்றாவது கட்சியினர் சபையில் உண்மையிலேயே உட்கார வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை என்றால், ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்ற ஏற்பாடு இருக்கும்வரை விருப்ப வரிசை மட்டும் அதை நிறைவேற்றாது. ஆஸ்திரேலியாவே இதற்குச் சான்று. அங்கே கீழவைக்கு 1918 முதல் விருப்ப வரிசை முறை இருக்கிறது; ஆயினும் அந்த அவையில் இரண்டு பெரிய அணிகளே பெரும்பாலும் ஆதிக்கம் செலுத்தி வந்திருக்கின்றன. மாநிலத்துக்குப் பல உறுப்பினர்களை, வாக்கு விகிதத்துக்கு ஏற்ப இடங்களைப் பகிரும் விகிதாசார முறையில் தேர்ந்தெடுக்கும் செனட்டில் சிறு கட்சிகளுக்கு வழக்கமாக இடம் கிடைக்கிறது. நியூசிலாந்தில் 1981-ல் சோஷியல் கிரெடிட் கட்சி 20 சதவீதத்துக்கு மேல் வாக்குப் பெற்று, 92 இடங்களில் வெறும் 2 இடங்களைப் பிடித்தது. அத்தகைய முடிவுகளால் எழுந்த அதிருப்தி 1993 பொது வாக்கெடுப்பில் விகிதாசார முறைக்கு வழிவிட்டது. 1996-ல் முதல் தேர்தல் அம்முறையில் நடந்தது.

அமெரிக்கக் காங்கிரசில் இது வர வேண்டுமானால், பிரதிநிதிகள் சபைக்கு ஒற்றை உறுப்பினர் தொகுதிகளைக் கட்டாயமாக்கும் 1967-ம் ஆண்டுச் சட்டத்தைக் காங்கிரஸ் திருத்த வேண்டும். நகரங்களுக்கு அந்தத் தடை இல்லை. மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜ் நகரம் 1941 முதல் விகிதாசார முறையில் நகர மன்றத்தைத் தேர்ந்தெடுத்து வருகிறது. ஓரிகனின் போர்ட்லண்ட் 2022-ல் நகரச் சாசனத்தைத் திருத்தி, 2024 நவம்பரில் நான்கு வட்டாரங்களில் தலா மூவர் என 12 பேரைத் தேர்ந்தெடுத்தது. அங்கே ஒரு வட்டாரத்தில் கால்வாசிக்குச் சற்று மேல் ஆதரவு இருந்தால் ஓர் இடம் உறுதி. அதிபரை நாடு தழுவிய மொத்த வாக்கால் தேர்ந்தெடுக்க மாநிலங்கள் தமக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தையும் பலர் இந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள். அதற்கு வேறு நியாயங்கள் இருக்கலாம். ஓட்டுப் பிரியும் சிக்கலை அது தொடுவதே இல்லை.

கையெழுத்துத் தாளும் அதற்குப் பிறகும்

மாநிலங்களில் ஏறத்தாழ பாதியில்தான் மக்களே நேரடியாகச் சட்டம் முன்மொழியும் உரிமை உண்டு. உங்கள் மாநிலத்தில் அது இல்லையென்றால் நகரச் சாசனத்தில் இருக்கிறதா என்று நகர எழுத்தர் அலுவலகத்தில் கேளுங்கள். நகரத்தில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2024-ல் ஓரிகன், ஐடஹோ, கொலராடோ, நெவாடா ஆகிய நான்கு மாநிலங்களிலும் விருப்ப வரிசை முன்மொழிவுகள் தோற்றன, மிசௌரி அதைத் தடை செய்தது. தலைநகர் வாஷிங்டன் மட்டும் பெரும் ஆதரவோடு ஏற்றது. நெவாடாவில் அரசமைப்பைத் திருத்தும் முன்மொழிவு இரண்டு தேர்தல்களில் வெல்ல வேண்டும். 2022-ல் வென்றது 2024-ல் கவிழ்ந்தது. மாநிலம் முழுதும் அறிமுகமில்லாத சீட்டை, அதைப் பயன்படுத்தியிராத வாக்காளரிடம் விளம்பரத்தால் விற்க முயல்வது கடினம். பக்கத்து ஊரில் பயன்படுத்தியவர் ஒருவர் இருந்தால் வேலை பாதி குறையும்.

தாளில் கையெழுத்து வாங்குவது பார்ப்பதற்கு எளிது. நான் உதவிய ஓர் இயக்கத்தில், ஒரு சனிக்கிழமை முழுவதும் நூலக வாசலில் நின்று நிரப்பிய தாள்களில் கணிசமானவை பின்னர் கழிக்கப்பட்டன: ஒருவர் பக்கத்து மாவட்டத்தில் பதிவு பெற்றவர், ஒருவர் வீடு மாறிப் பழைய முகவரியிலேயே பதிவை வைத்திருந்தவர், ஒருவரின் எழுத்து யாருக்கும் விளங்கவில்லை. நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு. தந்தை பெயரை முன்னெழுத்தாக வைத்துப் பழகியவர் தாளில் ஒரு விதமாக எழுதுவார். வாக்காளர் பதிவில் அதே தந்தை பெயர் குடும்பப் பெயராக விரிந்து கடைசியில் நிற்கும். தமிழில் கையெழுத்திட்டுப் பழகியவரின் பதிவுப் படிவத்தில் ஆங்கிலக் கையெழுத்து இருக்கும். கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் அலுவலகங்களில் இரண்டுமே கழிவுக்குக் காரணமாகலாம். ஆகவே கையெழுத்திட வருபவரிடம், பதிவில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதச் சொல்லுங்கள். தேவையான எண்ணிக்கையைவிடக் குறைந்தது மூன்றில் ஒரு பங்காவது கூடுதலாகச் சேகரியுங்கள்.

கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் ஆர்வத்தில் கையெழுத்திட வந்தால் பணிவாகத் தடுத்துவிடுங்கள். பதிவு பெற்ற வாக்காளரின் கையெழுத்துத்தான் செல்லும். குடியுரிமை இல்லாதவர் வாக்காளராகப் பதிவு செய்துகொள்வது அவருடைய குடியேற்ற நிலைக்கே கேடு விளைவிக்கும். கிரீன் கார்டு உள்ளவர்கள் சட்டப்படி நன்கொடை தரலாம், துண்டறிக்கை மடிக்கலாம், மாதிரிச் சீட்டை விளக்கிக் காட்டலாம்.

வென்ற பிறகும் படுத்து உறங்க முடியாது. 2016-ல் மேய்ன் வாக்காளர்கள் ஏற்ற சட்டத்தை 2017-ல் சட்டமன்றம் தள்ளிவைத்தது. ஆதரவாளர்கள் மீண்டும் கையெழுத்துத் திரட்டி, 2018 ஜூனில் இன்னொரு வாக்கெடுப்பில் அதைக் காப்பாற்றினார்கள். அலாஸ்காவில் 2024-ல் முறையை ஒழிக்கும் முயற்சி 1,000-க்கும் குறைவான வாக்குகளில் தோற்றது. குழப்பமாக இருக்கிறது என்பதே எதிர்ப்பவர்களின் முதல் வாதம் என்பதால், முதியோர் இல்லத்திலும் கோவில் வளாகத்திலும் மாதிரிச் சீட்டை வைத்துப் பயிற்சி தருவது எந்த மேடைப் பேச்சைவிடவும் பயன் தரும்.

தேர்தல் முடிந்த சில வாரங்களில் மாவட்ட அலுவலகம் சான்றளிக்கப்பட்ட முடிவுகளை வாக்குச்சாவடி வாரியாக வெளியிடும். அதில் மூன்றாவது கட்சிக்கு எங்கே வழக்கத்தைவிட அதிகம் விழுந்திருக்கிறது, எந்தப் பதவிக்குப் பெரும்பாலானோர் வெறுமையாக விட்டிருக்கிறார்கள், முன்மொழிவின் கேள்விக்கு எத்தனை பேர் சீட்டைத் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை எந்தத் தெருவின் முதல் கதவைத் தட்டுவது என்பதை அந்தத் தாள் சொல்லும்.